குழலை வெட்டாமல் குறுகிய துப்பாக்கி: குட்டை பம்ப் ஆக்‌ஷன் பற்றி ஒரு முழுமையான வழிகாட்டி

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் மலையை ஒட்டித் தோப்பு வைத்திருப்பவர்களிடம் பேச்சு எங்கே தொடங்கினாலும் காட்டுப்பன்றியில் வந்து நிற்கும். செண்பகத்தோப்பு, மம்சாபுரம், சேத்தூர், தேவதானம், வத்திராயிருப்பு என்று அடிவாரம் முழுக்க இதே பாடுதான். நட்டுச் சில மாதமே ஆன தென்னங்கன்றைக் கிளறிக் குருத்தைத் தின்றுவிட்டுப் போகும். கரும்புக்குள் இறங்கினால் தின்பது கொஞ்சம், சாய்ப்பது நிறைய. இந்தப் பேச்சுக்கு நடுவே யாராவது கைபேசியை நீட்டி ஒரு வெளிநாட்டு வீடியோவைக் காட்டுவார்கள். இரண்டடிக்குச் சற்று மேல் நீளம், சரக் சரக்கென்று இழுத்துச் சுடுகிறார்கள். “இப்படி ஒண்ணு கெடச்சாப் போதும்ணே” என்பார் பக்கத்தில் இருப்பவர்.

அந்தக் குட்டைத் துப்பாக்கி எப்படி வேலை செய்கிறது, அதன் வடிவமைப்பில் உண்மையான புதுமை எது, நம் ஊரில் சட்டப்படி அது கைக்கு வருமா, உரிமத்துக்கு என்ன செய்ய வேண்டும், வந்தபின் எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதையெல்லாம் துப்பாக்கியைத் தொட்டே பார்க்காத ஒருவருக்காக எழுதுகிறேன். படிகளை வரிசையாகப் படியுங்கள். நான்காவது படியையும் ஐந்தாவது படியையும் தாண்டிவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள்.

படி 1: பம்ப் ஆக்‌ஷன் என்பது என்ன

நம் பக்கத்து வீடுகளில் பழைய துப்பாக்கி இருந்தால் அது பெரும்பாலும் ஒற்றைக்குழல் அல்லது இரட்டைக்குழல். நடுவில் மடக்கித் திறந்து, தோட்டாவைப் போட்டு, மூடிச் சுட வேண்டும். குழலுக்கு ஒரு தோட்டாதான்.

பம்ப் ஆக்‌ஷனில் குழல் ஒன்றுதான். அதற்குக் கீழே, அதே போக்கில், இன்னொரு மெல்லிய குழாய் ஓடும். தோட்டாக்கள் அதில் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். அந்தக் குழாயின் மேல் முன்னும் பின்னும் வழுக்கிப் போகும் கைப்பிடிதான் பம்ப். பின்னால் இழுத்தால், குழலின் பின்வாயை அடைத்திருக்கும் போல்ட் பின்வாங்கிச் சுட்ட தோட்டாவின் கூட்டை வெளியே எறியும். அதே நேரத்தில் குழாயிலிருந்து அடுத்த தோட்டா ஒரு சிறிய தூக்கியின் மேல் வந்து உட்காரும். முன்னால் தள்ளினால் தூக்கி அதை உயர்த்தும். போல்ட் அதைக் குழலின் அடியிலுள்ள அறைக்குள் தள்ளிப் பூட்டிக்கொள்ளும். எல்லா வேலையும் கையின் பலத்தில்தான் நடக்கிறது; வெடியின் விசையை எதற்கும் கடன் வாங்குவதில்லை. பலவீனமான தோட்டா போட்டாலும், தூசி படிந்திருந்தாலும் இது ஓடுவது அதனால்தான்.

இந்த ஏற்பாட்டை முதலில் வெற்றிகரமாகச் செய்து காட்டியவர் அமெரிக்கரான கிறிஸ்டோபர் ஸ்பென்சர், ஆண்டு 1882. பிறகு ஜான் பிரவுனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1893, 1897 மாடல்கள் வந்தன. இன்று உலகெங்கும் தெரிந்த ரெமிங்டன் 870 வெளிவந்தது 1950-ஐ ஒட்டி. மாஸ்பெர்க் 500 அதற்குப் பத்தாண்டு கழித்து. குட்டை வடிவங்களுக்கு வழிவிட்ட ஒரு நுணுக்கம் இந்த இரண்டிலும் உண்டு. போல்ட் பூட்டிக்கொள்வது வெளிக்கூட்டோடு அல்ல, நேராகக் குழலின் நீட்சியோடு. வெடிக்கும்போது வரும் அழுத்தம் அந்தப் பூட்டுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. வெளிக்கூடு வெறும் உறைதான். மாஸ்பெர்க் 500-ல் அது அலுமினியம். உறை பாரம் தாங்க வேண்டியதில்லை என்றான பிறகு அதை எந்த வடிவத்திலும், பிளாஸ்டிக்கிலும்கூட, செய்யலாம் என்ற எண்ணம் பின்னால் வந்தவர்களுக்கு வந்தது.

“12 போர்” என்பதையும் இங்கேயே முடித்துவிடலாம். ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக உருட்டினால் ஓர் உருண்டை எந்தக் குழலில் சரியாக நுழையுமோ அது 12 போர். விட்டம் ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர். 20 போர் அதைவிடச் சிறியது. எண் கூடினால் குழல் சிறுக்கும்.

படி 2: நீளம் எங்கே செலவாகிறது

சாதாரண பம்ப் துப்பாக்கியை மேசைமேல் வைத்துப் பாருங்கள். முன்னால் குழல், நடுவில் போல்ட் ஓடும் பெட்டி, அதன் அடியில் விரலால் இழுக்கும் விசை, பின்னால் தோளில் அண்டும் கட்டை. 18.5 அங்குலக் குழல் உள்ள ரெமிங்டன்கூட முழு நீளத்தில் 38 அங்குலத்தைத் தாண்டும். பாதிக்கு மேல் நீளத்தை எடுத்துக்கொள்வது குழலுக்குப் பின்னால் இருப்பவைதான்.

குட்டைக் குழலைப் பற்றி இரண்டு தவறான நம்பிக்கைகள் ஊரில் உலவுகின்றன. குழல் குட்டையானால் ரவை அகலமாகப் பரவும் என்பது ஒன்று. பரவலைத் தீர்மானிப்பது குழல் வாயில் உள்ள சோக் என்னும் சிறு ஒடுக்கமும் தோட்டாவின் அமைப்பும்தான். நீளத்துக்கு அதில் பெரிய பங்கில்லை. குட்டைக் குழலில் வேகம் பாதியாகிவிடும் என்பது இன்னொன்று. 12 போர் தோட்டாவின் மருந்து குழலின் முதல் பகுதியிலேயே பெரும்பாலும் எரிந்து முடிகிறது. சில அங்குலம் குறைந்தால் வேகம் சிறிதளவே குறையும்.

குட்டைக் குழலில் உண்மையாகவே இழப்பது வேறு. சத்தமும் வாய்த்தீயும் முகத்துக்கு நெருங்கி வரும். குறி பார்க்கும் கோடு சுருங்கும். முன்கை குழல் வாய்க்குப் பக்கத்தில் போய்விடும். கடைசியாகச் சொன்னதை நினைவில் வையுங்கள்.

படி 3: வடிவமைப்பாளர்கள் எப்படிக் குறுக்கினார்கள்

முதல் வழி, பின்கட்டையை எடுத்துவிட்டுப் பிடி மட்டும் வைப்பது. மாஸ்பெர்க் 2017-ல் விட்ட ஷாக்வேவ் இந்த வகை. குழல் 14 அங்குலம், மொத்தம் 26 அங்குலத்துக்குச் சற்று மேல். அமெரிக்கச் சட்டத்தின் ஓர் இடுக்கில் பொருந்துவதற்காகவே அளந்து செய்த துப்பாக்கி இது. தோளில் அண்டாமல் 12 போர் உதையைக் கையில் வாங்க வேண்டும்; குறி நிற்காது. இதை நான் புதுமை என்று ஒப்புக்கொள்வதில்லை. கட்டையை எடுத்ததும் பிரச்சினை துப்பாக்கியிலிருந்து சுடுபவரின் மணிக்கட்டுக்கு மாறியது, அவ்வளவுதான்.

இரண்டாம் வழி புல்பப். விசையை முன்னால் கொண்டுபோய், போல்ட்டையும் தோட்டா அறையையும் விசைக்குப் பின்னால், கன்னத்துக்கு அருகே வைத்துவிடுவது. தோளில் அண்டும் கட்டைக்குள்ளேயே இயந்திரம் குடியேறிவிடுகிறது. 2011-ல் அறிமுகமான கெல்-டெக் கேஎஸ்ஜி இதன் நல்ல உதாரணம். குழல் 18.5 அங்குலம், மொத்த நீளம் 26.1 அங்குலம். அதே குழல் உள்ள பழைய வடிவத்தோடு ஒப்பிட்டால், குழலில் ஓர் அங்குலமும் வெட்டாமல் ஏறக்குறைய ஓர் அடி மிச்சமாகியிருக்கிறது. கவனிக்க வேண்டிய சாதனை இதுதான்.

ஆனால் ஒன்றை நகர்த்தினால் நாலு சிக்கல் வரும். கூடு பக்கவாட்டில் வெளியேறினால் இடக்கைக்காரரின் முகத்தில் அடிக்கும். அதனால் கேஎஸ்ஜி கூட்டைக் கீழ்ப்பக்கமாகத் தள்ளுகிறது. கீழே தள்ளும் யோசனை 1937-ல் வந்த இத்தாகா 37-லேயே உண்டு. பழைய யோசனை புதிய இடத்தில் கைகொடுத்தது. அடுத்தது தோட்டாக் குழாய். துப்பாக்கி குட்டையானால் அதுவும் குட்டையாகி, தோட்டா எண்ணிக்கை குறையும். அதற்கு கேஎஸ்ஜி குழலுக்குக் கீழே இரண்டு குழாய்களைப் பக்கம் பக்கமாக வைத்தது, ஒவ்வொன்றிலும் 7 தோட்டா. எதிலிருந்து எடுப்பது என்பதை ஒரு சிறு நெம்புகோல் தீர்மானிக்கும். அதை நடுவில் நிறுத்தினால் இரண்டிலிருந்தும் தோட்டா வராது.

தென்னாப்பிரிக்காவின் நியோஸ்டெட் இன்னும் துணிந்து போனது. அதில் போல்ட் அசையாது, குழலே முன்னால் நகரும். பம்பை முதலில் முன்னால் தள்ளிப் பிறகு பின்னால் இழுக்க வேண்டும். தோட்டாக் குழாய்கள் இரண்டும் குழலுக்கு மேலே. போல்ட் பின்வாங்க இடமே தேவையில்லை என்பதால் பின்பகுதி சுருங்கிவிட்டது. இந்தத் துறையில் யாராவது அடிப்படையிலிருந்து யோசித்தார்கள் என்றால் இவர்களைத்தான் சொல்வேன். பெரிதாக விற்கவில்லை. வாழ்நாள் முழுக்க ஒரு திசையில் இழுத்துப் பழகிய கை எதிர்த்திசையை ஏற்க மறுத்தது அதற்கு ஒரு காரணமாக இருந்திருக்கும்.

மூன்றாம் வழி தோட்டாவைக் குறுக்குவது. வழக்கமான 70 மில்லிமீட்டர் தோட்டாவுக்குப் பதில் 44 மில்லிமீட்டர் அளவில் குட்டித் தோட்டாக்கள் வெளிநாட்டில் விற்கின்றன. நீளமான தோட்டாவுக்காகச் செய்த தூக்கியில் அவை புரண்டு மாட்டிக்கொள்ளும். தனி இணைப்பு போட வேண்டியிருக்கும். நமக்கு இது தேவையற்ற விஷயம்.

படி 4: 20 அங்குலம் என்ற கோடு

வீடியோவில் பார்த்த ஆசை இங்கேதான் முட்டி நிற்கும். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 13-ஆம் பிரிவில், தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ உரிமம் கேட்பவரின் வழவழப்பான குழல் துப்பாக்கிக்குக் குழல் 20 அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்று சொல்கிறது. 508 மில்லிமீட்டர். அதற்குக் கீழே போனால் அது சாதாரண உரிமத்தில் வராத, கட்டுப்படுத்தப்பட்ட வகை. கேஎஸ்ஜியின் 18.5 அங்குலம், ஷாக்வேவின் 14 அங்குலம் இரண்டுமே கோட்டுக்குக் கீழேதான். போதாக்குறைக்கு, தனியார் வெளிநாட்டுத் துப்பாக்கியை இறக்குமதி செய்வது 1980-களின் நடுவிலிருந்தே ஏறக்குறைய மூடிய கதவு. ஊரில் யாரிடமாவது வெளிநாட்டு பம்ப் இருந்தால் அது அதற்கு முன்பு வந்து கைமாறியதாகவோ வாரிசாகக் கிடைத்ததாகவோ இருக்கும்.

பட்டறையில் கொடுத்து ஒரு சாண் வெட்டிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அவரோடு அந்தப் பேச்சை அன்றே நிறுத்துங்கள். குழலைக் குறைப்பது 6-ஆம் பிரிவின்படி தனி உரிமம் இல்லாமல் செய்யக்கூடாத செயல். 2019 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை 7 ஆண்டுக்குக் குறையாத சிறை, ஆயுள்வரை போகலாம். துப்பாக்கிக்கு உரிமம் இருப்பது இதில் உங்களைக் காப்பாற்றாது.

ஆக நம் நாட்டில் சட்டப்படி குட்டையான பம்ப் என்றால், 20 அங்குலமோ அதற்குச் சற்று மேலோ குழல் உள்ள, நேர்மையாக உருவாக்கப்பட்ட துப்பாக்கி. அதைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை 12 போர் பம்ப் ஆக்‌ஷனைத் தயாரித்து, உரிமம் உள்ள பொதுமக்களுக்கும் கொடுத்திருக்கிறது. 1960-களில் தொடங்கிய அந்த ஆலை, 2021 அக்டோபரில் பாதுகாப்புத் தளவாட ஆலைகள் நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்ட் எக்விப்மென்ட் இந்தியா நிறுவனத்தின் கீழ் வந்தது.

படி 5: மலையடிவாரத்துக்கு என்று இன்னொரு சட்டம்

மதுரைக்காரருக்கு இல்லாத கேள்வி ஒன்று ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரருக்கு உண்டு. 1988-ல் சாம்பல் நிற அணிலுக்காக இங்கே சரணாலயம் அமைந்தது. 2021-ல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாக அறிவித்தார்கள். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 34-ஆம் பிரிவின்படி, சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் குடியிருப்பவர் ஆயுத உரிமம் வைத்திருந்தால் வனத்துறையிடம் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். அந்த வட்டத்துக்குள் புதிய உரிமம் கொடுக்கத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன்னிசைவு வேண்டும். அடிவார ஊர்களில் பலவும் இதற்குள் வந்துவிடும். “கலெக்டர் ஆபீஸ்ல மனு கெடக்குது, நகரவே இல்ல” என்று குறைப்படுபவர்கள் தங்கள் கோப்பு வனத்துறைப் பக்கம் போயிருக்கிறதா என்று விசாரிப்பது நல்லது. துப்பாக்கியோடு, அனுமதி இல்லாமல், சரணாலயத்துக்குள் நுழைவது தனிக் குற்றம். மேய்ச்சல் மாட்டைத் தேடிப் போனேன் என்பது பதிலாகாது.

இனி பன்றி. பயிர்ப் பாதுகாப்புக்கு என்று உரிமம் கேட்டால் ஆயுதச் சட்டம் முதலில் காட்டுவது வாய்வழி மருந்திட்டு நிரப்பும் துப்பாக்கியை. அது போதாது என்று அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட்டால்தான் வேறு வழவழப்புக் குழல் துப்பாக்கி. அந்த உரிமம் பன்றியைக் கொல்வதற்கான அனுமதி ஆகாது. தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிவித்த முறைப்படி, காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டர் வரை பன்றியைத் தொடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். அதற்கு அப்பால் சுடலாம். சுடுவது வனத்துறை, தோட்டக்காரர் அல்ல. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்கள் உத்தரவின் பேரில் உரிமம் உள்ளவர்கள் சுடும் ஏற்பாடு இருக்கிறது. அங்கே உறவுக்காரர்கள் இருப்பதால் அதே சட்டம் இங்கேயும் என்று நினைத்து மாட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

விளைச்சலை இழந்த கோபம் நியாயமானது. அந்தக் கோபத்தோடு துப்பாக்கி வாங்கப் போகாதீர்கள் என்று மனதாரச் சொல்கிறேன். பயிர்ச் சேதத்துக்கு வனத்துறையிடம் இழப்பீட்டு மனு கொடுங்கள். துப்பாக்கி உங்கள் உயிர்ப் பாதுகாப்புக்கு மட்டும் என்ற தெளிவோடு அடுத்த படிக்கு வாருங்கள்.

படி 6: விண்ணப்பம்

விண்ணப்பதாரருக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். விருதுநகர் மாவட்டத்தில் உரிமம் தருபவர் மாவட்ட ஆட்சியர். 2016 ஆயுத விதிகளின்படி ஏ-1 படிவத்தில் மனு. அதோடு அடையாளச் சான்று, முகவரிச் சான்று, மருத்துவச் சான்று, துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளப் பயிற்சி பெற்றதற்கான எஸ்-1 சான்று, வீட்டில் பூட்டி வைப்பேன் என்ற உறுதிமொழி. மனு காவல் நிலையத்துக்கு விசாரணைக்குப் போகும்.

காரணத்தை எழுதும் இடத்தில் எல்லோரும் எழுதும் ஒரு வரியை எழுதாதீர்கள். தோப்பு எந்தச் சர்வே எண், வீட்டுக்கும் ஊருக்கும் எவ்வளவு தூரம், இரவுக் காவலுக்கு யார் படுக்கிறார்கள், முன்பு நடந்த சம்பவத்துக்குப் புகார் ரசீது உண்டா என்பதை எழுதி நகலை இணையுங்கள். ஒருவர் பெயரில் அதிகபட்சம் 2 துப்பாக்கிதான், 2019-க்கு முன் அது 3. உரிமம் 5 ஆண்டு செல்லும்.

படி 7: எதை வாங்குவது

முதல் துப்பாக்கியாக மடக்கித் திறக்கும் இரட்டைக்குழலையே நான் பரிந்துரைப்பேன். திறந்து தோளில் போட்டுக்கொண்டு வந்தால், எதிரில் வருபவருக்குப் பத்தடி தூரத்திலேயே அது காலி என்று தெரியும். பம்ப்தான் வேண்டும் என்றால், தோளில் அண்டும் முழுக் கட்டையும் 20 அங்குலத்துக்குக் குறையாத குழலும் உள்ளதை எடுங்கள். வாங்கும் முன் குழலை நீங்களே அளந்து பாருங்கள். பம்பை முழுக்க இழுத்து முழுக்கத் தள்ளிப் பழகுங்கள். பயத்தில் அரைகுறையாக இழுத்தால் கூடு வெளியே வராமலோ அடுத்த தோட்டா ஏறாமலோ நின்றுவிடும். பம்ப் மாட்டிக்கொண்டது என்று வரும் புகார்களில் பல கையின் பிழைதான்.

தோட்டாவில் இரண்டு எச்சரிக்கை. 70 மில்லிமீட்டர் அறை உள்ள துப்பாக்கியில் 76 மில்லிமீட்டர் தோட்டா உள்ளே போய்விடும், கதவும் மூடிக்கொள்ளும். சுட்டால் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். குழலில் பொறித்த எண்ணைப் படித்துவிட்டே வாங்குங்கள். 20 போர் தோட்டாவை 12 போர் வைத்திருக்கும் வீட்டில் வைக்கவே கூடாது. அது அறையைத் தாண்டி வழுக்கிக் குழலுக்குள் அடைத்து நிற்கும். அதன்மேல் 12 போர் தோட்டா ஏறிவிட்டால் குழல் கிழியும். 20 போருக்கு மஞ்சள் நிறம் என்ற வழக்கம் இந்த விபத்துக்குப் பயந்தே வந்தது.

படி 8: காலி செய்யப் பழகுவது

பம்ப் துப்பாக்கியால் நடக்கும் விபத்துகளுக்கு முதல் காரணம் “காலிதான்” என்ற நினைப்பு. குழாயைக் காலி செய்தவர் அறையில் ஏறிக் கிடக்கும் ஒரு தோட்டாவை மறந்துவிடுகிறார்.

குழல் வாயை ஆளில்லாத, மண் மேடான பக்கம் திருப்புங்கள். விசையைத் தடுக்கும் சேஃப்டியைப் போடுங்கள். விரல் விசைக்கு வெளியே, வெளிக்கூட்டின் பக்கவாட்டில் நீட்டியே இருக்கட்டும். பம்ப் பூட்டியிருந்தால் விசைக் காப்பின் அருகிலுள்ள விடுவிப்பானை அழுத்தி மெல்லப் பின்னால் இழுங்கள். அறையில் இருந்த தோட்டா வெளியே வரும். குழாயில் மிச்சம் இருப்பவற்றை அந்த மாடலுக்குச் சொன்ன முறையில் ஒவ்வொன்றாக எடுங்கள். பிறகு போல்ட்டைத் திறந்தே வைத்து, வெளிச்சத்தில் அறையைப் பாருங்கள். சுண்டுவிரலை விட்டுத் தடவியும் பாருங்கள். அடுத்து குழாயின் வாயைப் பாருங்கள். உள்ளே ஸ்பிரிங்கின் முனையில் இருக்கும் தள்ளுமூடி தெரிய வேண்டும். பல மாடல்களில் அது ஆரஞ்சு, பச்சை என்று பளிச்சென்ற நிறத்தில் இருப்பது இந்தப் பார்வைக்காகத்தான். பித்தளை விளிம்பு தெரிந்தால் இன்னும் தோட்டா இருக்கிறது.

சாதாரண பம்பில் பார்க்க வேண்டிய இடம் இரண்டு. இரட்டைக் குழாய் புல்பப்பில் மூன்று. மூன்றாவதை மறக்க வைப்பது அந்த நெம்புகோல். ஒரு குழாயைக் காலி செய்துவிட்டு எல்லாம் முடிந்தது என்று கை நம்பிவிடும். புல்பப்பைப் புதியவருக்கு நான் மறுப்பதற்கு இதுவும், படி 2-ல் சொன்ன குழல் வாய்க்கும் கைக்குமான நெருக்கமும்தான் காரணம்.

படி 9: பூட்டு, தேர்தல், வாரிசு

துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா வேறொரு பூட்டில். சாவி உரிமதாரரிடம் மட்டும். தோப்புக் குடிசையில், பரணில், காவல்காரர் கையில் விட்டுவிட்டு வீட்டுக்கு வருவது கூடவே கூடாது. உரிமம் அவர் பெயரில் இல்லை. திருவிழாவிலோ கல்யாணத்திலோ வானத்தைப் பார்த்து வெடிப்பதற்கு 2 ஆண்டுவரை சிறை உண்டு. தேர்தல் அறிவிப்பு வந்ததும் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைக்கச் சொல்வார்கள். ரசீதை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். நம் பக்கத்து மழைக்காலத்துக்குப் பிறகு குழலுக்குள் மெல்லிய எண்ணெய் ஓட்டுவதும், சுடும் முன் அந்த எண்ணெயையும் குளவி வைத்த மண்ணையும் துடைப்பதும் கட்டாயம்.

உரிமதாரர் இறந்தால் அந்தத் துப்பாக்கி அன்றிலிருந்து வீட்டில் இருக்கச் சட்டப்படி இடமில்லை. அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமக் கடையிலோ தாமதமில்லாமல் ஒப்படைத்துவிட்டு, வாரிசு தன் பெயரில் உரிமத்துக்கு மனு போட வேண்டும். உயிரோடு இருக்கும்போதே மாற்றவும் வழி உண்டு: உரிமதாரருக்கு 70 வயது ஆகியிருக்க வேண்டும், அல்லது துப்பாக்கியை அவர் 25 ஆண்டு வைத்திருந்திருக்க வேண்டும், இதில் எது முந்தியோ அது. இந்த விவரத்தையும் உரிமம் இருக்கும் இடத்தையும் வீட்டில் ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள்.